புண்ணியச் சோறு

இரண்டு ஆடுகளைக் கொன்ற கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொன்றது நான்தான்.

தங்கை மகனுக்குக் காதுகுத்து. மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் ஒரு மண்டபம். மதுரைப் பக்கத்துக் காதுகுத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் பேனர், மொய் நோட்டு, மைக் செட், கறிக்குழம்பு. அறுநூறு பேர் வருவார்கள் என்று உலை வைத்தோம். அன்றைக்குப் பார்த்துப் பேய் மழை. நானூறு பேரைத் தாண்டவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஓர் அண்டா வெள்ளைச் சோறு அப்படியே நிற்கிறது. கறி தீர்ந்துவிட்டது. கறி எப்போதும் தீர்ந்துவிடும், சோறுதான் மிஞ்சும்.

இல்லம் ஒன்றுக்கு போன் போட்டோம். “இன்னிக்கு முகூர்த்த நாள் சார்... ஏற்கெனவே நாலு இடத்துல இருந்து வந்திருச்சு” என்றார்கள். மண்டபத்துக்குப் பின்னால் எட்டு செம்மறி ஆடு வைத்திருக்கிற ஓர் அக்கா, மழை விட்டதும் இலை பொறுக்க வந்தார். நான்தான் கூப்பிட்டேன். “அக்கா, இந்தச் சோத்தைக் கொண்டுபோய் ஆட்டுக்குப் போடுங்க. குப்பையில கொட்டுறதுக்கு வாயில்லா ஜீவன் தின்னாலாவது புண்ணியம்.”

அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கும்தான். பைசா செலவில்லாமல் புண்ணியம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

மூன்றாம் நாள் காலை மண்டபத்து வாட்ச்மேன் போன் செய்தார். “அண்ணே, அந்தம்மா ஆடு ரெண்டு செத்துப்போச்சு. ஒண்ணு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

போனேன். அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “ஆசையாத் தின்னுச்சுக தம்பி. மறுநா அசை போடல. பல்லை நறநறன்னு கடிச்சுச்சுக. வகுறு தண்ணிக்கொடம் மாதிரித் தளும்புது. எண்ணெய ஊத்திப் பாத்தேன், கேக்கல” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு ஆட்டுக்கும் விலை கேட்டு, ரூபாயை எடுத்து நீட்டினேன். எண்ணி வாங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அதுல ஒண்ணு செனை தம்பி. வகுத்துல இருந்ததுக்கு?”

நான் பி.காம். படித்தவன். தேய்மானம், வராக்கடன், கையிருப்புச் சரக்கு என்று எல்லாவற்றுக்கும் பேரேட்டில் ஒரு தலைப்பு உண்டு. இந்தக் கேள்விக்கு எந்தத் தலைப்பும் தோன்றவில்லை.

மூன்றாவது ஆட்டைக் காப்பாற்றியவர் அரசு கால்நடை மருத்துவர். சோடா உப்பைக் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விட்டார். டிரிப் ஏற்றினார். பி-1 வைட்டமின் ஊசி போட்டார். கை கழுவும்போது, “என்ன போட்டீங்க? சோறா? எவ்வளவு?” என்றார். சொன்னேன். “நல்ல மனசுக்காரங்கதான் சார் எங்களுக்கு அதிகமா கேஸ் அனுப்புறாங்க” என்றார்.

சோறு எப்படி ஆட்டைக் கொல்லும்? நாற்பது வருடமாக ஆட்டுக்கறி தின்கிற எனக்கு, ஆட்டு வயிறு எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிறு ஒரு பெரிய தொட்டி. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. ஆடு புல்லை மேய்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் ஆடு புல்லைக் கொண்டுபோய் அந்தக் குடித்தனக்காரர்களுக்குப் போடுகிறது. அவர்கள் நாரைப் புளிக்கவைத்து, ஆட்டுக்கு வேண்டிய சத்தாக மாற்றித் தருகிறார்கள். நாரைத் தின்ற ஆடு, நிழலில் படுத்து அசை போடும். அசை போடும்போது உமிழ்நீர் லிட்டர் கணக்கில் சுரந்து உள்ளே போகும். அந்த உமிழ்நீரில் இயற்கையான சோடா உப்பு இருக்கிறது. வயிற்றில் உண்டாகிற புளிப்பை அதுதான் தட்டிவைக்கிறது. ஆட்டுக்கு ஜெலுசில், அதன் வாயிலேயே இருக்கிறது.

இப்போது அந்தத் தொட்டிக்குள் ஒரு வாளிச் சோற்றைக் கொட்டுங்கள். நெல்லாக இருந்தால்கூட உமி இருக்கிறது, கொஞ்சம் தாமதமாகும். நாமோ உமி நீக்கி, தவிடு நீக்கி, குழைய வேகவும் வைத்துக் கொடுக்கிறோம். மாவுச்சத்தைத் தின்கிற கிருமிகளுக்கு அது இலை போட்டுப் பரிமாறின மாதிரி. மளமளவென்று பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. சாதாரணமாக ஆறிலிருந்து ஏழுக்குள் இருக்க வேண்டிய பெருவயிற்றின் பி.எச். அளவு ஐந்துக்குக் கீழேகூட இறங்குகிறது. நாரைத் தின்கிற நல்ல குடித்தனக்காரர்கள் கூண்டோடு சாகிறார்கள். அந்தப் புளிப்பு, ரத்தத்தில் இருக்கும் நீரை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுதான் அந்த அக்கா சொன்ன ‘தண்ணிக்கொடம்’. வயிறு முழுக்கத் தண்ணீர், உடம்பு காய்ந்து கட்டை. அமிலம் ரத்தத்தில் ஏறினால் ஒன்று, இரண்டு நாளில் கதை முடிந்துவிடும்.

‘அதெல்லாம் சும்மா... எங்க பாட்டி ஆட்டுக்குக் கஞ்சித் தண்ணி வைக்கலியா? கழுநீர் ஊத்தலியா?’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வைத்தார்கள். பகல் முழுக்கக் காட்டில் மேய்ந்துவிட்டு வந்த ஆட்டுக்கு ஒரு சட்டி கழுநீர். தினமும் அதே ஒரு சட்டி. விவரம் தெரிந்த கீதாரி, அறுவடை முடிந்த வயலில் நெல்மணி சிந்திக் கிடந்தால், பசித்த மந்தையை நேராக அதில் இறக்கமாட்டார். முதலில் காய்ந்த புல்லில் வயிற்றை நிரப்பி, பிறகுதான் வயலுக்கு ஓட்டுவார். வாடிப்பட்டிப் பக்கத்தில் கச்சைகட்டிக் கறுப்பு ஆடு என்று ஓர் இனம் உண்டு, கிடா முட்டுக்குப் பேர் போனது. கிடாயைத் தேற்றுகிற விவரமானவர் பருத்தி விதையையும் கடலைப் புண்ணாக்கையும் முதல் நாளே படி படியாகக் கொட்டமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார். அவர் பி.எச். அளவு படித்ததில்லை. அளவு படித்தவர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் ஊரில். ஆட்டு வயிற்றில் போடுவதையும்தான்.

ஆஸ்திரேலியாவில் வறட்சி வந்து புல் கருகிப்போனால், செம்மறிகளுக்குக் கோதுமையும் பார்லியும் போடுகிறார்கள். ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிராம் என்கிற மாதிரி ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில்தான் முழு அளவுக்குப் போகிறார்கள். ஐம்பது கிராம் என்றால் நம் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. நான் கொடுத்தது ஓர் அண்டா.

பக்கத்தில் கேரளாவுக்கு வாருங்கள். 2024 ஜூன் மாதம், கொல்லம் மாவட்டம் வெளிநல்லூரில் ஒரு பண்ணையில் ஐந்து பசுக்கள் செத்தன. காரணம் என்ன தெரியுமா... பரோட்டா! பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள். மைதா, சோறு, பொங்கல் எல்லாம் அசைபோடுகிற வயிற்றுக்கு ஒன்றுதான். தெருவுக்குத் தெரு பரோட்டாக் கல் தட்டுகிற மதுரைக்காரர்கள் இந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொள்ளலாம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். முந்தின நாள் மாலை போட்டுக் கும்பிட்ட மாடு, வயிறு உப்பி வந்து நிற்கும்.

சரி. இது அறியாமை, எடுத்துச் சொன்னால் திருந்திவிடுவார்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்த அக்கா ஏன் அந்தச் சோற்றை அவ்வளவு சந்தோஷமாக வாங்கினார்? அந்த எட்டு ஆடுகளுக்கும் அன்றைக்குப் புல் இல்லை. அதை நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2011-ஆம் வருடத்தை ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஒரே வருடத்தில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஒன்று: ஜூன் முதல் தேதி, தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விலையில்லா அரிசி வந்தது. அதற்கு முன்பே 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்திருந்தது. ஏழை வீட்டில் அடுப்பு எரிந்தது. அதைக் குறை சொல்கிறவன் நான் இல்லை. நல்ல திட்டம்.

இரண்டு: செப்டம்பர் 15, விலையில்லா ஆடுகள். குடும்பத்துக்கு நான்கு ஆடுகள். ஐந்து வருடத்தில் ஏழு லட்சம் குடும்பங்களுக்கு 28 லட்சம் ஆடுகள் என்று அறிவித்தார்கள். யாருக்கு? நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்கு. அந்தத் திட்டம் அந்த வடிவில் இப்போது இல்லை. அப்புறம் வந்த ஆட்சி, ஆதரவற்ற பெண்களுக்கு ஐந்து ஆடுகள் கொடுத்தது. அதுவும் நல்ல மனசுதான்.

மூன்று: இதை யாரும் போஸ்டர் அடித்து ஒட்டவில்லை. ஜனவரி 28, உச்ச நீதிமன்றம். ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்று ஒரு வழக்கு. ஒரு கிராமத்துக் குளத்தை வளைத்துப் போட்டு வீடு கட்டின விவகாரம். நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் தீர்ப்புச் சொன்னார்கள். கிராமத்துப் பொது நிலங்களில் இருக்கும் சட்டவிரோத ஆக்கிரமிப்புகளை அகற்றி, அந்த நிலத்தை ஊருக்கே மீட்டுக் கொடுக்கத் திட்டம் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு.

அரிசி வீட்டு வாசலுக்கு வந்தது. ஆடும் வந்தது. அந்த ஆடு மேய வேண்டிய நிலம் மட்டும் தீர்ப்புப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

நிலமில்லாதவருக்கு நான்கு ஆடு. மேய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்பில். வீட்டில் இருப்பது ரேஷன் அரிசி. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் ஆட்டுக்கு எதைப் போடுவீர்கள்?

‘தீவன அபிவிருத்தித் திட்டம் இருக்கிறதே’ என்பார் அதிகாரி. இருக்கிறது. சோளம், வேலிமசால், புல் கரணை எல்லாம் மானியத்தில் தருகிறார்கள். அதை விதைக்க நிலமும் தண்ணீரும் வேண்டும். நிலமே இல்லை என்பதற்காக ஆடு கொடுக்கப்பட்டவர், விதையை எங்கே போடுவார்... வாசல் கோலத்திலா?

இந்தச் சந்துக்குள்தான் மூட்டைத் தீவனக்காரர் நுழைகிறார். மேய்ச்சலே வேண்டாம், பரண் மேல் கட்டிப் போடு, அடர்தீவனம் வை, மூன்று மாதத்தில் எடை ஏறும், மாதம் லட்சம் பார்க்கலாம். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த பையன்கள் இதை நம்பிக் கடன் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அடர்தீவனம் விஷம் என்று நான் சொல்லவில்லை. சினை ஆட்டுக்கும் குட்டிக்கும் அளவாகத் தேவைதான். தாது உப்புக் கலவையும் தேவைதான். ஆனால் நார்த்தீவனம் இல்லாத ஆட்டுக்கு வெறும் தானியத்தைக் கொட்டினால், அண்டா வித்தையேதான் மெதுவாக நடக்கும். ஒரேயடியாகச் சாகாது. தின்பது குறையும், கழிச்சல் போகும், கால் நொண்டும், ஈரலில் சீழ் கட்டும். கடனும் வட்டியும் ஏறும், ஆட்டின் எடை ஏறாது. விற்கிறவர் நோட்டீஸில் லாபக் கணக்கு மட்டும் இருக்கும். செத்த ஆட்டுக் கணக்குக்கு அதில் இடம் இருக்காது. பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதுகிற பேரேட்டை பி.காம். முதல் வருடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

இதற்கும் மருந்து உண்டு என்று இன்னொரு பாக்கெட் வருகிறது. தீவனத்தோடு கலக்கச் சோடா உப்பு, வயிற்றுக் கிருமியைச் சீர் செய்ய ஒரு பொடி, பசியைத் தூண்ட ஒரு டானிக். மேலைநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், தீவனத்தில் ஆன்டிபயாடிக்கையே கலந்தார்கள். வளர்ச்சிக்காக அப்படிக் கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2006 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டது. சோடா உப்பு வேலை செய்யும், பொய்யில்லை. என் மூன்றாவது ஆட்டைக் காப்பாற்றியதே அதுதான். ஆனால் ஒரு நாள் முழுக்க மேய்ந்து அசை போட்டால் ஆட்டின் வாயில் சும்மா ஊறுகிற சரக்கு அது. புல்லைப் பிடுங்கிக்கொண்டு, எச்சிலைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். கூரையைப் பிரித்துவிட்டுக் குடை வியாபாரம்!

புல்லைப் பிடுங்கியது யார் என்று கேட்காதீர்கள். நாம்தான். தல்லாகுளத்தில் குளம் எங்கே? பீபீகுளத்தில் குளம் எங்கே? இப்போது நகரம் நான்கு பக்கமும் பிதுங்கி, மேலூர் ரோட்டிலும் திருமங்கலம் ரோட்டிலும் அழகர்கோவில் ரோட்டிலும் மஞ்சள் கல் நட்டு மனை விற்கிறது. எனக்கும் அப்படி இரண்டு சென்ட் இருக்கிறது. பத்திரம் பதியும்போது மூலப்பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன். அந்த இடத்தில் யாருடைய ஆடு மேய்ந்துகொண்டிருந்தது என்று பார்க்கவில்லை. அப்படி ஒரு வில்லங்கம் எந்தச் சான்றிதழிலும் வராது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள், 99 லட்சம் வெள்ளாடுகள். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாய். வெள்ளாடாவது எட்டி வேப்பங்கொழுந்தைக் கடிக்கும், வேலியைத் தாண்டும். செம்மறி தலையைக் குனிந்தே மேய்கிற பிராணி. தரையில் புல் இருந்தால் தின்னும். இல்லாவிட்டால் நாம் போடுவதைத் தின்னும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கும், முனியாண்டி படையலுக்கும் அது வேண்டும். வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில் அதன் முதுகைப் பிடித்து அழுத்திப் பார்த்து விலை பேசத் தெரிகிறது நமக்கு. அது எங்கே மேய்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

புலம்பிவிட்டுப் போவதில் பிரயோஜனமில்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு விசேஷத்தில் சோறு மிஞ்சினால், சூடு ஆறுவதற்குள் மனிதர்களுக்குக் கொடுங்கள். வாங்க ஆளில்லை என்றால் உரக்குழியில் போடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாளி வாளியாகக் கொட்டாதீர்கள். அவற்றுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமா? வாழைக்கட்டைக்கென்று வாங்கிய மரத்தில் மிஞ்சின இலை, முருங்கைத் தழை, ஒரு கட்டு அகத்திக்கீரை போதும்.

தெரியாமல் தின்றுவிட்டதா? அசை போடவில்லை, பல் கடிக்கிறது, புளித்த வாடையோடு கழிகிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962. படுத்துவிட்ட ஆட்டின் வாயில் எண்ணெயோ கஞ்சியோ ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அதுவும் சாவுதான்.

அரசாங்கத்திடம் கேட்க இரண்டு விஷயம். முதலாவது, ரேஷன் கடைச் சுவரில் ஒரே ஒரு வரி: ‘இந்த அரிசி உங்களுக்கு, ஆட்டுக்கு அல்ல.’ எத்தனையோ தலைவர்களின் படம் மாட்டிய சுவர்தானே, ஓர் ஆட்டுப் படத்துக்கு இடம் இருக்காதா? இரண்டாவது, 2011 ஜனவரித் தீர்ப்பு. ஒவ்வொரு ஊரிலும் மேய்க்கால், மந்தைவெளி என்று பதிவான நிலம் எத்தனை ஏக்கர், அதில் இன்றைக்குக் காலியாக இருப்பது எத்தனை என்று கிராம நிர்வாக அலுவலகத்து வாசலில் எழுதிப் போடுங்கள்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். கிராமத்துப் பேலன்ஸ் ஷீட்டுக்கு ‘அ’ பதிவேடு என்று பெயர். எந்தப் புல எண் யாருடையது, எது புறம்போக்கு என்று அதில் இருக்கும். இணையத்தில் நீங்களே பார்க்கலாம். உங்கள் மனைக்குப் பக்கத்துப் புல எண்ணை ஒரு நாள் தட்டிப் பாருங்கள். நான் என்னுடையதைத் தட்டிப் பார்த்தேன். என் இரண்டு சென்ட் பட்டா நிலம்தான், தப்பித்தேன். எங்கள் லே-அவுட்டுக்குப் போகிற நாற்பதடி ரோட்டின் ஓரத்துப் புல எண்ணுக்கு நேரே மேய்க்கால் என்று எழுதியிருக்கிறது. அங்கே இப்போது ஒரு வரிசைக் கடைகள். அதில் ஒன்று, மாட்டுத்தீவனக் கடை.

மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் தாசில்தார் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன். நிலம் ஊருக்குத் திரும்பும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அக்காவின் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த முதல் தவணை அதுதான். மிச்சக் கடன் அப்படியே நிற்கிறது... என் பெயரிலும், உங்கள் பெயரிலும்.